விக்டோரியா காலக் கதைப்பாடல்களில் அடியில் ஓடும் அரசியலைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களோடு உட்கார்ந்து இந்தக் கவிதைகளை வாசிக்கும்போது, பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். கவிதையைத் திறக்கும் முன்பே விடை கையில் இருக்கும். "இது பேரரசைப் புகழ்கிறது சார்", "இது பெண்ணடிமைத்தனத்தை எதிர்க்கிறது சார்". சரி, எந்த அடியில் என்று கேட்டால் அப்போதுதான் பக்கத்தைப் புரட்ட ஆரம்பிப்பார்கள்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றிப் போடுகிறது: முதலில் அடி, அப்புறம் அரசியல். எடுத்துக்காட்டுக்கு முக்கியமாக இரண்டு கவிதைகள். ஒன்று, மெக்காலேயின் 'ஹொரேஷியஸ்'. 1842இல் வந்த 'பண்டைய ரோமின் பாடல்கள்' நூலின் முதல் பாடல். மற்றது, டென்னிசன் 1854இல் எழுதிய லைட் பிரிகேட் கவிதை ('தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்').

தொடங்கும் முன் வேண்டியவை

முன்னுரையோடு கூடிய முழுப் பாடம் வேண்டும். தொகை நூல்களில் கவிதை மட்டும் இருக்கும், முன்னுரையை வெட்டியிருப்பார்கள். இந்தக் காலக் கவிதைகளில் பாதி அரசியல் முன்னுரையிலும் துணைத்தலைப்பிலும்தான் கிடக்கிறது. இரண்டுமே காப்புரிமை முடிந்த நூல்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

கவிதை முதலில் எங்கே, எந்தத் தேதியில் அச்சானது என்ற விவரமும் வேண்டும். கூடவே, பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹன்சார்ட். 1803 முதலான பதிவுகளை இணையத்தில் தேடலாம். அன்றைய சண்டை என்னவென்று பிற்கால வரலாற்று நூலில் படிப்பதும், சண்டை போட்டவர்கள் வாயாலேயே கேட்பதும் ஒன்றில்லை.

நோட்ஸ், கைடு எல்லாவற்றையும் எட்டாவது படி வரை மூடி வையுங்கள். அவை தவறு என்பதற்காகச் சொல்லவில்லை. முதலில் அவற்றைப் படித்துவிட்டால், அவை காட்டிய அடியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

1. கதையை மட்டும் ஐந்து வாக்கியத்தில் எழுதுங்கள்

கவிதையை ஒரே மூச்சில் வாய்விட்டுப் படியுங்கள். 'ஹொரேஷியஸ்' 70 பத்திகள் கொண்டது, அரை மணி நேரத்தில் முடியும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, கதையை ஐந்து வாக்கியத்தில் எழுதுங்கள். அரசியல் வேண்டாம், கருத்து வேண்டாம்.

இப்படி வரும்: ரோமிலிருந்து துரத்தப்பட்ட டார்க்வின் அரச குலத்தை மறுபடி அரியணை ஏற்ற, எட்ரஸ்கன் மன்னன் போர்சேனா படை திரட்டி வருகிறான். டைபர் ஆற்றின் பாலத்தை இடித்தால்தான் நகரம் தப்பும். இடித்து முடிக்கும்வரை ஹொரேஷியஸும் இரண்டு தோழர்களும் எதிரிகளை மறித்து நிற்கிறார்கள். பாலம் விழும் நேரத்தில் தோழர்கள் இருவரும் திரும்பி ஓடிவிட, அவன் மட்டும் அக்கரையில் மாட்டிக்கொள்கிறான். ஆற்றில் குதித்து நீந்தி வருகிறான், ஊர் அவனைக் கொண்டாடுகிறது.

இதை ஏன் எழுத வேண்டும்? கதைக்குத் தேவையானது எது என்று தெரிந்தால்தான், தேவையில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது எது என்று தெரியும். அந்த உபரிதான் நாம் தேடுவது. இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் மூன்றாவது படியில் கட்டாயம் திரும்பி வருகிறார்கள்.

2. பாடுகிறவர் யார் என்று பாருங்கள்

சங்கப் பாட்டில் 'தலைவி கூற்று' என்று இருந்தால், அதைப் புலவரின் சொந்தக் கதையாக நாம் படிப்பதில்லை. அதே மாணவர்கள் ஆங்கிலக் கவிதைக்கு வந்ததும் "மெக்காலே சொல்கிறார்" என்று எழுதிவிடுகிறார்கள். இந்தப் பாடத்தில் நான் அதிகம் திருத்தும் பிழை இதுதான்.

'ஹொரேஷியஸ்' பாடலின் துணைத்தலைப்பு, இது ரோம் நகரம் தோன்றிய 360ஆம் ஆண்டு வாக்கில் கட்டப்பட்ட பாட்டு என்கிறது. நம் கணக்கில் கி.மு. 394 வாக்கில். அதாவது மெக்காலே ஒரு கற்பனைப் பாடகனை உருவாக்கி, அவன் வாயில் பாட்டை வைக்கிறார். கதை நடந்து ஏறக்குறைய 120 ஆண்டுகள் கழித்துப் பாடுகிறவன் அவன்.

அந்தப் பாடகன் எப்படிப்பட்டவன் என்றும் முன்னுரை சொல்லிவிடுகிறது. நேர்மையான குடிமகன். நாட்டின் போர்ப்புகழில் பெருமை கொண்டவன். கட்சிச் சண்டைகளால் சலித்துப்போனவன். உண்மையில் ஒருபோதும் இருந்திராத பழைய நல்ல காலத்துக்காக ஏங்குகிறவன். கடைசி விவரத்தை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். தன் பாடகன் ஏங்கும் பொற்காலம் பொய் என்று, பாட்டு தொடங்கும் முன்பே ஆசிரியர் சொல்லிவிட்டார்! முன்னுரை இல்லாத தொகை நூலில் இந்தக் கவிதையைப் படித்தவர்களுக்கு இது கடைசிவரை தெரியாமலே போகிறது.

3. கதை நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள்

இப்போது பென்சிலோடு மறுபடி படியுங்கள். கதை நகராமல் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். வருணனை எல்லாவற்றையும் குறிக்க வேண்டாம். எழுதி வைத்த ஐந்து வாக்கியத்துக்கு ஒட்டாதவற்றை மட்டும் குறியுங்கள்.

31ஆம் பத்தியில் மூன்று வீரர்களும் புறப்பட்டுவிட்டார்கள். எதிரி வாசலுக்கு வந்துவிட்டான். 34ஆம் பத்தியில்தான் அவர்கள் கவசத்தை இறுக்கிக் கட்டுகிறார்கள். நடுவில் 32, 33 இரண்டு பத்திகளிலும் கதை நகரவில்லை. கதையில் மிக அவசரமான நேரத்தில் பாடகன் நின்று பேச ஆரம்பிக்கிறான்.

32இல் அவன் சொல்வதன் சாரம்: அன்று எவரும் கட்சிக்காக இல்லை, எல்லோரும் நாட்டுக்காக இருந்தார்கள். பெரியவன் ஏழைக்கு உதவினான், ஏழை பெரியவனை நேசித்தான். நிலம் நியாயமாகப் பங்கிடப்பட்டது, கொள்ளைப்பொருள் நியாயமாக விற்கப்பட்டது. 33இல் அப்படியே திரும்புகிறான்: இன்று ரோமனுக்கு ரோமனே எதிரியைவிட வெறுப்பானவன். மக்களின் பிரதிநிதிகளான ட்ரிப்யூன்கள் மேலோரை எதிர்த்து முறைக்கிறார்கள், செனட் பெரியவர்கள் கீழோரை நசுக்குகிறார்கள்.

இங்கே பெரும்பாலோர் 32ஐ மட்டும் மேற்கோள் காட்டி, "ஏழைகள் பணிந்து கிடக்க வேண்டும் என்கிறது கவிதை" என்று முடித்துவிடுகிறார்கள். 33ஐச் சேர்த்துப் பாருங்கள். பழி இரண்டு பக்கமும் விழுகிறது. நசுக்குகிறார்கள் என்ற வினை மேலோருக்குத்தான் வருகிறது. பாதிப் பத்தியை வெட்டி எடுத்தால் எந்தக் கவிதையையும் எந்தக் கட்சியிலும் சேர்த்துவிடலாம்.

4. இரண்டு காலத்திலும் உயிரோடிருக்கும் சொற்களைப் பொறுக்குங்கள்

பழங்காலக் கதையில் வந்தாலும், அச்சான ஆண்டின் செய்தித்தாளிலும் புழங்கிய சொற்களைப் பட்டியல் போடுங்கள். 'கட்சி', 'அரசு' இரண்டும் சுலபமாகக் கிடைக்கும். அரசியல் சொல் மாதிரியே தெரியாத சொல்லில்தான் விஷயம் இருக்கும்.

34ஆம் பத்தியில் பாலத்தை இடிக்கும் காட்சி. ரோமின் தலைமை ஆட்சியாளரான கான்சல் முதல் ஆளாகக் கோடாரி எடுக்கிறார். 'பெரியவர்கள் காமன்ஸோடு கலந்து' கடப்பாரையும் கோடாரியும் பிடித்துப் பலகைகளைத் தகர்க்கிறார்கள். ரோமக் கதைக்குள் 'காமன்ஸ்' என்றால் பிளெபியர்கள், அதாவது பொதுமக்கள். லண்டன் வாசகருக்கோ அது தன் நாடாளுமன்றக் கீழவையின் பெயரும்கூட. மேலோரும் கீழோரும் ஒரே கோடாரியைப் பிடிக்கும் அந்தப் படத்தை, சொல்லே அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

ஹொரேஷியஸுக்குத் தரும் பரிசையும் கவனியுங்கள். பொதுச்சொத்தான தானிய நிலத்தில், இரண்டு நல்ல எருதுகள் காலை முதல் இரவு வரை உழக்கூடிய அளவு அவனுக்குக் கொடுக்கிறார்கள். வீரனுக்கு ஒரு சிலை போதாதா? சிலையும் உண்டுதான். ஆனால் பொது நிலம் யாருக்குப் போக வேண்டும் என்பது ரோமில் தலைமுறைகளாக நடந்த சண்டை. வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டங்கள் 1842 இங்கிலாந்தில் தினசரிச் சண்டை. இதில் எவ்வளவு பொருள் ஏற்றலாம் என்பதை ஐந்தாவது படிக்குப் பிறகு முடிவு செய்யுங்கள். இப்போதைக்குக் குறித்து மட்டும் வையுங்கள்.

5. நான்கு தேதிகளை எழுதுங்கள்

கதை நடந்த தேதி, பாடுகிறவன் பாடும் தேதி, கவிஞர் எழுதிய தேதி, அச்சான தேதி. நான்கையும் ஒரு தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மாணவர்கள் முதலாவதையும் நான்காவதையும் மட்டும் எழுதுவார்கள். வழுக்கல் மூன்றாவதில்தான்.

'ஹொரேஷியஸ்' 1842 அக்டோபரில் வந்தது. அதே ஆண்டு மே 2ஆம் தேதி, எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்டு 33 லட்சம் கையெழுத்துகளோடு, சார்ட்டிஸ்ட் என்ற தொழிலாளர் இயக்கத்தின் மனு நாடாளுமன்றத்துக்கு வந்தது. மனுதாரர்களின் பேச்சைக் கேட்கலாமா என்று மறுநாள் வாக்கெடுத்தபோது ஆதரவு 49, எதிர்ப்பு 287. எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர், எடின்பரோ தொகுதி உறுப்பினர் மெக்காலே. எல்லோருக்கும் வாக்குரிமை என்பது சொத்துக்கும், அதன் வழியே நாகரிகத்துக்கும் ஒத்துவராது என்றார். ஆகஸ்டில் வடக்கு ஆலை நகரங்களில் வேலைநிறுத்தம் பரவியது. அக்டோபரில் 'ஏழை பெரியவனை நேசித்தான்' என்று ஒரு பாட்டு!

கச்சிதமாகப் பொருந்துகிறது, இல்லையா? அதனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மெக்காலே 1834 ஜூனில் மதராஸில் கப்பலிறங்கி, கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்க்க உதகமண்டலம் போனார். இந்தப் பாடல்களின் யோசனை நீலகிரி அடிவாரக் காட்டில் தோன்றியது என்றும், பெரும்பாலான அடிகள் உதகமண்டலத்தில் சலிப்போடு கழித்த நாள்களிலும் வங்காள விரிகுடாவின் மோசமான கப்பல் பயணத்திலும் கட்டியவை என்றும், 1842இல் பத்திரிகை ஆசிரியர் நேப்பியருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். ரோமைப் பற்றிய ஆங்கிலப் பாட்டு நம் நீலகிரி அடிவாரத்தில் முளைத்தது என்பதைக் கேட்டால் மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் தங்கள் கட்டுரையின் முதல் பத்தியை அடிக்கத் தொடங்குவார்கள்.

"சார்ட்டிஸ்டுகளுக்குப் பதிலாக மெக்காலே இதை எழுதினார்" என்று இனிச் சொல்ல முடியாது. எழுதிய காலத்தில் அவர் மனதில் புதிதாக இருந்தது, வாக்குரிமையை விரிவாக்கிய 1832 சீர்திருத்தச் சட்டம். அதற்காக மன்றத்தில் வாதாடிய முக்கியக் குரல்களில் அவருடையதும் ஒன்று. காப்பாற்ற வேண்டுமானால் சீர்திருத்துங்கள் என்பது 1831இல் அவர் சொன்ன வாதம். மேலோரும் கீழோரும் சேர்ந்து பாலத்தை இடித்து நகரத்தைக் காப்பாற்றும் காட்சியை அந்த வாதத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1842ஐத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கேள்வியை மாற்றினால் போதும்: அந்த ஆண்டு அக்டோபரில் இதை வாங்கிப் படித்தவர் 32ஆம் பத்தியை எப்படிக் கேட்டிருப்பார்? எழுதிய காரணம் வேறு, வாசித்த காரணம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி ஆதாரம் காட்டுங்கள்.

6. பதிப்புகளை அடியடியாக ஒப்பிடுங்கள்

இதற்கு லைட் பிரிகேட் கவிதைதான் சிறந்த பயிற்சி. 55 அடிகள்தான். மேலோட்டமாகப் பார்த்தால் வீரப்புகழ்ச்சி.

ரஷ்யாவோடு நடந்த கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில், குழப்பமான ஒரு கட்டளையால் இலகு குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நேராகப் பாய்ந்தது. நவம்பர் நடுவில் டைம்ஸ் தலையங்கம், ஏதோ ஒரு கொடிய தவறுக்குப் பலியாகிறோம் என்று உணர்ந்தாலும் பிரிட்டிஷ் வீரன் தயங்க மாட்டான் என்று எழுதியது. டிசம்பர் 9 அன்று எக்ஸாமினர் இதழில், பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு, அரசவைக் கவிஞர் டென்னிசனின் கவிதை வந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். செய்தித்தாளில் இருந்தது 'ஏதோ ஒரு தவறு'. கவிதையில் அது 'யாரோ ஒருவர் தவறிவிட்டார்' என்று ஆகிறது. பொருள் ஆளாகிவிட்டது. தவறு என்று இருக்கும்வரை யாரையும் தேட வேண்டியதில்லை. யாரோ ஒருவர் என்றதும் தேடத் தோன்றும். கட்டளைச் சங்கிலியில் ராக்லன், லூக்கன், கார்டிகன் என்று மூன்று பிரபுக்கள் இருந்தார்கள். இடையில் செய்தி கொண்டுபோன கேப்டன் நோலன் களத்திலேயே இறந்துவிட்டார். படைப் பதவிகளைப் பணம் கொடுத்து வாங்கும் வழக்கம் 1871 வரை இருந்தது.

1855 ஜனவரி 29 அன்று, போரை நடத்திய விதத்தை விசாரிக்க வேண்டும் என்று கீழவை 305க்கு 148 என வாக்களிக்க, பிரதமர் அபர்டீனின் அரசு விழுந்தது. அதே ஆண்டு கோடையில் டென்னிசனின் 'மாட்' தொகுப்பில் கவிதை மறுபடி வந்தபோது 'யாரோ' அடியைக் காணோம். ஆகஸ்டில், கிரிமியாவில் இருக்கும் படைவீரர்கள் இந்தக் கவிதையை விரும்புகிறார்கள் என்று தகவல் வர, டென்னிசன் அவர்களுக்காக ஆயிரம் பிரதிகளைத் தனியாக அச்சிட்டு அனுப்பினார். அதில் அடி திரும்பி வந்துவிட்டது.

நீக்கத்துக்கு நண்பர்களின் இலக்கிய யோசனையும் காரணம்தான். அதனால் "பயந்து நீக்கினார்" என்று எழுதிவிடாதீர்கள். எது யாருக்குப் போனது என்று மட்டும் பாருங்கள். அந்தக் கோடையில் வரவேற்பறை வாசகர் கையில் இருந்த கவிதையில் தவறிழைத்தவர் இல்லை. தவறுக்கு விலை கொடுத்தவர்களின் கையில் இருந்த கவிதையில் இருக்கிறார்.

7. தமிழில் பெயர்த்துப் பாருங்கள்

நம்மிடம் இருக்கும் வசதி இது, ஆங்கிலேய மாணவருக்குக் கிடையாது. சந்தேகமுள்ள அடியைத் தமிழில் எழுதுங்கள். நம் வினைமுற்று ஆளைக் காட்டாமல் விடாது.

'யாரோ' அடியை எழுத உட்கார்ந்ததும் முட்டும்: தவறிவிட்டானா, தவறிவிட்டாரா? ஆங்கில 'யாரோ'வுக்குத் தகுதியும் இல்லை, மரியாதையும் இல்லை. தமிழில் 'ஆன்' போட்டால் சாதாரணச் சிப்பாய், 'ஆர்' போட்டால் அதிகாரி. மேலே நான் 'தவறிவிட்டார்' என்று எழுதியபோதே பழியை மேலே ஏற்றிவிட்டேன். கவிதை எதைச் சொல்லாமல் விட்டது என்பது அந்த ஒரு விகுதியில் பிடிபடும்.

அடுத்த அடிகளில், பதில் பேசுவது அவர்கள் வேலை இல்லை, காரணம் கேட்பது அவர்கள் வேலை இல்லை, செய்வதும் சாவதுமே அவர்கள் வேலை. பலர் இதைச் 'செய் அல்லது செத்து மடி' என்று எழுதிவிடுகிறார்கள். அது 1942இல் காந்தி கொடுத்த முழக்கம். இங்கே 'அல்லது' கிடையாது, 'உம்' தான். காந்தியின் முழக்கத்தில் இரண்டு வழி இருக்கிறது, இவர்களுக்கு ஒன்றுதான். தவறு நடந்திருப்பது வீரனுக்குத் தெரியும் என்று கவிதையே சொல்கிறது. தெரிந்தவனுக்குப் பேச உரிமை இல்லை. அந்தக் கவிதையில் என்னைத் திரும்பத் திரும்ப நிறுத்தும் இடம் அது.

பிரௌனிங்கின் 'என் முந்தைய டச்சஸ்' கவிதையிலும் இதைச் செய்து பாருங்கள். "கட்டளையிட்டேன். புன்னகைகள் எல்லாம் ஒருசேர நின்றன" என்கிறான், இறந்த மனைவியைப் பற்றிப் பேசும் டியூக். முதல் வினைக்கு எழுவாய் 'நான்', இரண்டாவதற்குப் 'புன்னகைகள்'. நடுவில் நடந்த கொலையைச் செய்ய ஆளே இல்லை. ஆபீஸில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று கடிதம் எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும்.

8. எதிர்க்கட்சி வக்கீலாகுங்கள்

இதற்குள் ஒரு கருத்து உருவாகியிருக்கும். அதை உடைக்கும் சான்றை நீங்களே தேடுங்கள். முதலில் அதே நூலுக்குள், அப்புறம் விமர்சகர்களிடம். இப்போது நோட்ஸைத் திறக்கலாம்.

மெக்காலே நூலின் மூன்றாவது பாடல் 'வர்ஜீனியா'. அதன் பாடகன் வேறொருவன், பிளெபியர் பக்கம் நிற்கிறவன். அதிகாரி ஆப்பியஸ் கிளாடியஸிடமிருந்து மகளைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் தகப்பனே அவளைக் குத்திக் கொல்லும் கதை. பணக்காரர்களின் வட்டி, ஏழையின் உடைமையைப் புண்போல அரிக்கிறது என்ற கோபப் பேச்சும் உண்டு. 'ஹொரேஷியஸ்' மட்டும் படித்தவர் வைத்திருக்கும் மெக்காலே இங்கே நொறுங்கிப்போவார்.

இரண்டையும் சமன்செய்து வழவழவென்று ஒரு முடிவு எழுதாதீர்கள். ரோமப் பிளெபியனின் கோபத்துக்கு அவ்வளவு இடம் கொடுத்தவர், வாசலில் நின்ற 33 லட்சம் பேருக்குக் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியே ஒரு கட்டுரைக்குப் போதும்.

9. எழுதும்போது வாக்கியத்தை இப்படிக் கட்டுங்கள்

ஒவ்வொரு வாதத்திலும் மூன்று இருக்கட்டும்: எந்த அடி, அதில் மொழி என்ன செய்கிறது, அதனால் அன்றைய எந்தச் சண்டையில் எந்தப் பக்கம் அசைகிறது. 'கவிதை ஏகாதிபத்தியத்தைப் பிரதிபலிக்கிறது' என்ற வாக்கியத்தில் மூன்றுமே இல்லை. '1854 வடிவம் செய்தித்தாளின் தவறை ஓர் ஆளாக மாற்றி, பொறுப்பை மேலே தேட வைக்கிறது' என்பதில் மூன்றும் உண்டு.

முதல் முயற்சிக்குக் கிறிஸ்டினா ரொசெட்டியின் 'காப்ளின் மார்க்கெட்'டை எடுக்காதீர்கள். கூவி விற்கும் பழங்கள், காசுக்குப் பதில் வெட்டிக் கொடுக்கும் தலைமயிர் என்று எல்லாமே குறியீடாகத் தெரியும். சந்தை, சமயம், பெண்ணுடல் என எந்தச் சாவியும் நுழையும் பூட்டில் பழகினால் கைக்குத் திறமை வராது.

டென்னிசனின் ஆர்தர் மன்னன் கதைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 1873இல் அவர் அரசிக்கு எழுதிச் சேர்த்த பின்னுரையில், கனடாவைச் செலவாகக் கருதி விட்டுவிடலாம் என்பவர்களை வெளிப்படையாகவே சாடுகிறார். அதைப் பன்னிரண்டு கதைகளையும் முடித்த பிறகு படியுங்கள். முதலில் படித்தால் ஆர்தரின் ஒவ்வொரு போரும் கனடாவாகவே தெரியும்.